‘வெஜ் பர்கர்’ என்ற பெயருக்குத் தடையா? ஐரோப்பிய வாக்கெடுப்பு பற்றிப் பேசலாம்

கொலோன் குகன் (இழையைத் தொடங்கியவர்)
16 அக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஜேர்மனியில் இப்ப எங்கே பார்த்தாலும் இதுதான் கதை. 8ஆம் திகதி ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பியப் பாராளுமன்றம் ஒரு திருத்தத்தை 355க்கு 247 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பர்கர், ஸ்டேக் (கனத்த இறைச்சித் துண்டு), சொசேஜ், எஸ்கலோப் (மெல்லிய இறைச்சித் துண்டு) போன்ற பெயர்களை இறைச்சி உள்ள பொருட்களுக்கு மட்டும்தான் வைக்கலாம், சோயாவிலோ பட்டாணியிலோ செய்தவற்றுக்கு வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர் செலின் இமார் என்ற பிரெஞ்சு உறுப்பினர், அவரே ஒரு விவசாயி. சந்தையில் விவசாயிகளின் பேரம் பேசும் பலத்தைக் கூட்டுவதற்கான சட்டத்துக்குள் இதையும் செருகிவிட்டார்கள்.

இன்னும் சட்டமாகவில்லை. 27 உறுப்பு நாட்டு அரசுகளோடும் ஐரோப்பிய ஆணையத்தோடும் பேசி முடிக்க வேண்டும். 2020 அக்டோபரில் இதே மாதிரி ஒன்று வந்து தோற்றது. இந்த முறை காற்று வேறு பக்கம் அடிக்கிறது. சொசேஜ் என்றால் அது சொசேஜ்தான், அதில் வீகன் (பால், முட்டைகூடச் சேராத தாவர உணவு) என்று ஒன்று கிடையாது என்ற தொனியில் ஜேர்மன் சான்சலர் (அரசாங்கத் தலைவர்) மெர்ஸே தொலைக்காட்சியில் கதைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. முதலாம் உலகப் போரில் சனம் சாப்பாட்டுக்கு அல்லாடிய நேரம், கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்த கொன்ராட் அடெனவர் (பிற்பாடு மேற்கு ஜேர்மனியின் முதல் சான்சலர் ஆனவர்) சோயா சேர்த்து ஒரு சொசேஜ் செய்து காப்புரிமை கேட்டார். இறைச்சி இல்லாததைச் சொசேஜ் என்று சொல்ல விதி இடம் தராது என்று சொந்த நாட்டில் மறுத்துவிட்டார்கள். 1918இல், போரில் எதிரியாக நின்ற பிரிட்டன் கொடுத்தது!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயரைப் பார்த்து உண்மையில் யாராவது ஏமாறுகிறார்களா?

சுடலை (நெல்லை)

குகன் அண்ணே, நான் ஆடு வாங்கி விற்கிறவன். இந்தப் பேச்சில் எங்கள் ஆட்களின் குரல் எப்போதும் இருப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஏமாறுகிறார்களா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. மட்டன் என்ற பேருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை உண்டாக்கியது யார்? மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனவன், நோய் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவன். கம்பெனி ஒன்று சோயாவை அழுத்திப் பிழிந்து, ‘மட்டன்’ என்று அட்டையில் போட்டு, கறியைவிட அதிக விலைக்கு விற்கிறது. பேரைப் போடாமல் விற்றுப் பார்க்கட்டுமே. மீல் மேக்கர் அப்படித்தானே வந்தது? எந்த ஆட்டின் பேரையும் கடன் வாங்கவில்லை. இன்று பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. சரக்கு நன்றாக இருந்தால் சொந்தப் பேரிலேயே ஓடும்.

அந்த பிரெஞ்சு அம்மா கேட்பதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

லேபிள்காரன் (சென்னை)

சுடலை, உங்கள் வாதம் இந்த விவாதத்தில் நான் கேட்டவற்றிலேயே நேர்மையானது. ‘நுகர்வோர் குழம்புகிறார்’ என்ற முகமூடி இல்லாமல், ‘இது எங்கள் சொத்து’ என்று நேராகச் சொல்கிறீர்கள். ஆனால் இப்போதைய ஐரோப்பியச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, குழப்பத்தைத்தான் கேட்கிறது. பாக்கெட் உணவு நிறுவனம் ஒன்றில் லேபிள் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஏற்றுமதிக்காக இதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாலும் இறைச்சியும் அங்கே ஒரே தட்டில் இல்லை. பால், வெண்ணெய், சீஸ், தயிர், கிரீம் என்ற பெயர்களுக்குச் சட்டத்திலேயே வரையறை உண்டு. டோஃபுடவுன் என்ற ஜெர்மன் நிறுவனம் ‘டோஃபு வெண்ணெய்’ (டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்வது), ‘வெஜி சீஸ்’ என்றெல்லாம் விற்று, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூன் 14 தீர்ப்பில், முன்னால் ‘டோஃபு’ என்று விளக்கம் போட்டிருந்தாலும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விதிவிலக்காக ஒரு பட்டியல் உண்டு. அதில் தேங்காய்ப் பால் இருக்கிறது, கோகோ வெண்ணெய் இருக்கிறது, சோயா பால் இல்லை. காலங்காலமாக அப்படித்தான் சொல்கிறோம் என்று நிரூபித்தவை உள்ளே, மற்றவை வெளியே. அவ்வளவுதான் தர்க்கம்.

பர்கருக்கும் ஸ்டேக்குக்கும் அந்த மாதிரி வரையறை கிடையாது. தாவரப் பொருட்களுக்கு இந்தப் பெயர்களைத் தடுக்க பிரான்ஸ் 2020இல் சட்டம் போட்டது. 2022இல் ஆணை, அது நிறுத்திவைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் புது ஆணை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு பெயருக்குச் சட்ட வரையறை கொடுக்காதவரை, தாவரப் பொருளுக்கு அதைப் பொதுவாகத் தடை செய்ய ஒரு நாட்டுக்கு அதிகாரம் இல்லை. ஏமாற்று நடந்தால் அந்தப் பொருளை மட்டும் பிடியுங்கள், அதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த ஆணைகளை ரத்து செய்தது.

அந்த ‘ஏற்கெனவே இருக்கும் விதி’ பலருக்குத் தெரியாது. ஒரு உணவில் வழக்கமாக இருக்கும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கும் பொருளுக்குப் பதில் வேறொன்றைப் போட்டால், அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். எழுத்தின் உயரம் பெயரின் எழுத்தில் 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது ‘பர்கர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ‘பட்டாணிப் புரதம்’ என்பதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிக்க முடியாது. வடிவமைப்பாளர்களோடு நாங்கள் சண்டை போடுவதே இந்த 75க்குத்தான். அவர்களுக்கு அட்டை அழகாக இருக்க வேண்டும், எனக்கு அளவுகோல் பொய் சொல்லக்கூடாது.

ஆக, இமார் செய்ய நினைப்பது என்னவென்றால், நீதிமன்றம் ‘இல்லை’ என்று சொன்ன அந்த வரையறையை ஐரோப்பா முழுக்கக் கொண்டுவருவது. வந்துவிட்டால் பர்கரும் பால் மாதிரி ஆகிவிடும்.

மீனாள் (மதுரை)

எல்லாரும் ‘கறி என்று நினைத்துச் சோயாவை வாங்கிவிடுவார்கள்’ என்றே கவலைப்படுகிறீர்கள். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு நடந்தது நேர் எதிர்.

பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் தொடமாட்டேன். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, பச்சை நிற அட்டை, இலைப் படம், ‘வெஜிடேரியன்’ என்று பெரிதாக எழுத்து. சமைத்துச் சாப்பிட்டும் ஆயிற்று. பேரன்தான் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, ‘பாட்டி, இதில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது, இரண்டாவதாகவே போட்டிருக்கிறான்’ என்றான். பொய் எதுவும் எழுதவில்லை, அவர்கள் கணக்கில் முட்டையும் சைவம்தான். பர்கர் என்று போட்டிருந்ததா வேறு என்ன போட்டிருந்ததா என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

நம் ஊரில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இருக்கலாம், முட்டை இருக்காது. படிக்கத் தெரியாதவரும் பார்த்து எடுக்கலாம். அங்கே அப்படி ஒன்றும் இல்லையா?

கொலோன் குகன்

இல்லை அக்கா. சைவம், வீகன் என்ற சொற்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று வரை சட்டப்படி வரையறையே கிடையாது. மஞ்சளில் ‘வி’ போட்ட வட்டம் ஒன்று பார்த்திருப்பீர்கள். அது தனியார் சான்றிதழ், காசு கட்டி வாங்குவது, கட்டாயமில்லை. பர்கருக்கு வரையறை வேண்டும் என்று இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்கள், இதைக் கேட்க நாதியில்லை!

முட்டை விஷயம் தற்செயல் இல்லை. ரூகன்வால்டர் ம்யூலெ என்ற நிறுவனம் 1834இல் இறைச்சிக் கடையாகத் தொடங்கியது. 2014 கடைசியில் முதல் சைவச் சொசேஜை இறக்கியபோது அதற்கு அடிப்படையே முட்டை வெள்ளைக்கருதான். சூடுபட்டால் இறுகும், கத்தி வைத்தால் உதிராமல் மெல்லிசாக அரிய வரும். 2020 ஜூலையில் அவர்களுக்கு இறைச்சி வியாபாரத்தைவிடச் சைவ வியாபாரம் கூடிவிட்டது. சுடலை அண்ணா, இங்கே இறைச்சிக்காரரும் சோயாக்காரரும் பல இடங்களில் ஒரே ஆள்தான்.

ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு 2020இல் எடுத்த கருத்துக்கணிப்பில், இந்தப் பெயர்களை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது என்றவர்கள் ஐந்தில் ஒருவர் அளவில்தான். 42 சதவீதம் பேர் சைவம் அல்லது வீகன் என்று தெளிவாகப் போட்டால் போதும் என்றார்கள். எங்கட இலங்கையில் ‘சோயா மீற்’ என்ற பெயரிலேயே தலைமுறையாக விற்கிறார்கள், கணவாய்ச் சுவையில்கூட உண்டு. பெட்டிக்குள் கணவாய் இருக்கும் என்று அம்மா ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை.

ஈப்போ மணியம்

மலேசியாவிலும் அதே கதைதான். சீன பௌத்த சைவக் கடைகளில் தொடங்கி நம் கோயில் விருந்து வரை ‘சைவ மட்டன்’ சர்வ சாதாரணம். எங்கள் வீட்டில் விரத நாளில் சைவ மட்டன் பிரட்டல் இல்லையென்றால் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நார் நாராகப் பிரியும், ஊறவைத்துப் பிழிந்தபின் கறிமசாலை நன்றாகப் பிடிக்கும்.

மீனாள் அக்கா கேட்டதற்கு ஒரு தகவல்: தைவானில் சைவம் என்று போட்டால் மட்டும் போதாது. சுத்தத் தாவரமா, பால் உண்டா, முட்டை உண்டா, இரண்டும் உண்டா, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்ததா என்று ஐந்தில் எந்த வகை என அட்டையில் குறிப்பிட வேண்டும். பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

மட்டுறுத்துநர்

யார் சாப்பாடு உயர்ந்தது என்று ஆரம்பித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை லேபிள் பற்றியது. தொடருங்கள்.

ராமசாமி (ஓய்வு, எண்ணெய் ஆலை வேதியியலாளர்)

இளைஞர்கள் இதைப் புதுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். வெண்ணெய்க்கும், அதற்குப் பதிலாக வந்த மார்ஜரின் என்ற கொழுப்புக்கும் நடந்ததன் மறுபதிப்பு இது.

1869இல் பிரான்ஸில் மார்ஜரினைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கப் பால் பண்ணைக்காரர்கள் கொதித்துப்போய் 1886இல் அதன் மேல் வரி போட வைத்தார்கள். வரியோடு விடவில்லை, வெண்ணெயின் மஞ்சள் நிறம் அதற்கு வரக்கூடாது என்றார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு படி மேலே போய், மார்ஜரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பார்த்தாலே குமட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விஸ்கான்சினில் மஞ்சள் மார்ஜரினுக்கு இருந்த தடை 1967 வரையிலும், கனடாவின் கியூபெக்கில் 2008 வரையிலும் நீடித்தது. அறிவிப்பது வேறு, அருவருக்க வைப்பது வேறு. லேபிள் சட்டம் எதைப் பார்த்தாலும் இந்த இரண்டில் எது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நம் நாட்டில் நெய்க்கும் டால்டா என்கிற வனஸ்பதிக்கும் இதே பஞ்சாயத்து வந்தது. வனஸ்பதிக்குச் சாயம் போடுங்கள் என்று வெகுகாலம் கோரிக்கை இருந்தது. காய்ச்சினாலும் வடித்தாலும் போகாத, உடம்புக்கும் கெடுதல் செய்யாத சாயம் அமையவில்லை. அதனால் வேறொரு வழி பிடித்தார்கள்: வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும். சாப்பிடுபவருக்கு அது தெரியாது, விலையும் பெரிதாக ஏறாது. ஆனால் நெய்யில் கலந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

எப்படி என்றால், உருக்கிய நெய் 5 மில்லி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லி, அதில் ஃபர்ஃப்யூரால் கரைசல் சில சொட்டு. மூடியிட்ட கண்ணாடிக் குழாயில் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி நிறுத்தி வைக்க வேண்டும். நெய் மேலே மிதக்கும், அமிலம் கீழே தங்கும். கீழ் அடுக்கு ரோஜா நிறமாகச் சிவந்தால் நல்லெண்ணெய் இருக்கிறது, அதாவது கலப்படம். போதுவான் சோதனை என்று பெயர். நான் வேலை பார்த்த காலத்தில் சுத்த நெய் என்று வந்த டின்களில் அந்தச் சிவப்பைப் பார்த்த நாட்கள் உண்டு. அந்த டின்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களில் எல்லாம் குறையே சொல்ல முடியாது.

சுடலை (நெல்லை)

ஐயா, நீங்கள் சொன்ன நல்லெண்ணெய் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று. நெய்க்காரனைக் காப்பாற்ற அரசாங்கம் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது. எங்களுக்கு மட்டும் ‘யாரும் ஏமாறவில்லை, போ’ என்கிறீர்கள். பால்காரனுக்குப் பேர் பாதுகாப்பு உண்டு, எங்களுக்குக் கிடையாது என்று லேபிள்காரன் சாரே எழுதியிருக்கிறார். அது ஏன்?

லேபிள்காரன் (சென்னை)

நல்ல கேள்வி. பால் வெள்ளையாக, தண்ணீராக, எதையும் கலக்கத் தோதாக இருப்பதால் கலப்படச் சட்டங்கள் அதைச் சுற்றியே வளர்ந்தன. பால் கூட்டுறவுகளின் அரசியல் பலமும் ஒரு காரணம். நியாயம் இருக்கிறதா என்றால், முழுதாக இல்லை.

இந்தியாவிலும் சண்டை பாலைச் சுற்றித்தான். 2021 ஜூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பாதாம், ஓட்ஸ், சோயா பானங்களில் ‘மில்க்’ என்று போடக்கூடாது என்றது. பிறகு இணையக் கடைகளிலிருந்தும் அவற்றை எடுக்கச் சொன்னது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. இங்கேயும் தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு. 2022இல் வீகன் உணவுக்குத் தனி விதிகளும், ‘வி’ எழுத்தில் இலை முளைத்த பச்சைச் சின்னமும் வந்தன.

ஆனால் இந்த விதிகளெல்லாம் பாக்கெட்டோடு சரி. பனீர் மாதிரி இருக்கும் அனலாக் கட்டிகளைப் பாருங்கள். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டுச் செய்வது. மொத்தமாக வரும் பையில் ‘அனலாக்’ என்று ஒழுங்காக எழுதியிருக்கும். அது ஓட்டல் சமையலறையில் பிரிக்கப்பட்டதும் பை குப்பைக்குப் போய்விடும். மேஜைக்கு வரும் மெனுவில் ‘பனீர் பட்டர் மசாலா’. சாப்பிடுபவர் அந்தப் பையைப் பார்க்கவே போவதில்லை. சோயா சாப் (கறி மாதிரிச் சமைக்கும் சோயாத் துண்டு) கதையும் அப்படித்தான்: அதில் பெரும்பாலும் கோதுமைப் புரதமும் மைதாவும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் சோயா என்று நம்பிச் சாப்பிட்டால் நிலைமை என்ன?

பென்டன்வில் பாலா (அர்கன்சா)

அமெரிக்க நிலவரம் சுருக்கமாக. இறைச்சி அல்லாததை இறைச்சி என்று விற்கக்கூடாது என்று 2018இல் மிசோரி முதல் மாநிலமாகச் சட்டம் போட்டது. 2019இல் நான் இருக்கும் அர்கன்சா தாவர இறைச்சியோடு நிற்காமல் காலிஃபிளவர் ‘ரைஸ்’ (அரிசி போலப் பொடியாக்கிய காலிஃபிளவர்) என்ற பெயரையும் சேர்த்துத் தடுத்தது. அமெரிக்காவில் அதிகம் நெல் விளைவது இங்கேதான், காரணம் புரிந்திருக்கும். மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 1,000 டாலர் வரை அபராதம். தாவர இறைச்சி செய்யும் டோஃபர்க்கி நிறுவனம் வழக்குப் போட்டது. அட்டையில் வீகன் என்று தெளிவாக இருக்கும்போது பெயரைத் தடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. கடை அலமாரியில் காலிஃபிளவர் ரைஸ் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.

யாழினி (உணவியல், கோவை)

பெயர் முக்கியமில்லை என்பது போல இழை போகிறது. ஒரு இடத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

‘சிக்கன்’ என்ற பெயரைப் பார்த்து வாங்கும் தாய் சுவையை மட்டும் வாங்கவில்லை, புரதத்தையும் சேர்த்து வாங்குவதாக நினைக்கிறார். பச்சைக் கோழியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். உலர்ந்த சோயாத் துண்டில் 50 கிராமுக்கு மேல் (ஊறினால் எடை இரண்டு மூன்று மடங்காகும், அதையும் கணக்கில் வையுங்கள்). பலாக்காயிலோ இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். மூன்றையும் ‘பிரியாணி பீஸ்’ ஆக்கி ஒரே மாதிரிப் பெயர் வைத்தால், வளரும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? என்னிடம் வரும் இளைஞர்களில் சிலர் பலாக்காயைக் கறிக்கு ஈடு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாரம்தான் ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) உத்தரவு வந்திருக்கிறது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத சர்க்கரைப் பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று இனி போட்டுக்கொள்ள முடியாது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் போக்கு இன்னும் கூடும். பெயர் உயிரோடு விளையாடியது அங்கே. ஆகவே ‘பர்கர்’ என்ற சொல்லை யாருக்கும் கொடுங்கள், ஆனால் புரதமும் உப்பும் எவ்வளவு என்பதை முன்பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். தாவர பர்கர்களில் உப்பு சில சமயம் தாராளமாகவே இருக்கிறது.

ராமசாமி (ஓய்வு)

யாழினி அம்மா, முன்பக்கத்தில் எண் போடுவதற்கு எல்லாத் தொழிலும் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவிக்கும், கறிக்காரர், சோயாக்காரர், பிஸ்கட்காரர் உட்பட. பெயர்ச் சண்டை அவர்களுக்கு அதைவிட மலிவு.

சுடலை (நெல்லை)

நான் எதிர்க்கமாட்டேன் ஐயா. என் ஆட்டில் எவ்வளவு புரதம் என்று அட்டை மாட்டித் தொங்கவிடவும் தயார். ஆனால் பேர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீனாள் (மதுரை)

குகன் தம்பி, தீபாவளி முடிந்ததும் மறுபடி மகள் வீட்டுக்குப் போகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. கடையில் அட்டையைத் திருப்பினால் எந்தச் சொல்லைத் தேட வேண்டும்?

கொலோன் குகன்

அக்கா, பொருட்பட்டியலில் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் முதலில் பாருங்கள். ஒவ்வாமை தரும் 14 வகைகளை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம், முட்டையும் பாலும் அதில் அடங்கும். ‘ஐ’ என்று தொடங்கும் சொல் முட்டையாக இருக்கலாம், ‘ஐக்ளார்’, ‘ஹ்யூனர்ஐவைஸ்’ இரண்டும் வெள்ளைக்கரு. ‘மில்ஹ்’ பால், ‘மோல்க’ பால் தெளிவு. சொற்களை ஜேர்மன் எழுத்தில் எழுதி உங்களுக்குத் தனிமடலில் படமாக அனுப்புகிறேன்.

ஆனால் ஜெலட்டின் தடித்த எழுத்தில் வராது, அது அந்தப் பதினான்கில் இல்லை. ‘கெலாட்டினெ’ என்று சாதாரண எழுத்தில் ஒளிந்திருக்கும். சிவப்பு நிறத்துக்குப் போடும் ஈ120 பூச்சியிலிருந்து எடுப்பது, அதுவும் அப்படியே. சீஸ் இன்னும் மோசம்: பாலும் உப்பும் நொதியும் மட்டும் சேர்ந்த சீஸுக்குப் பொருட்பட்டியலே கட்டாயமில்லை. பார்மிஜானோ என்ற இத்தாலியச் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி கொண்டுதான் உறைய வைக்கிறார்கள், அட்டையில் அது தெரிய வேண்டியதில்லை.

மீனாள் (மதுரை)

பாஸ்தா மேலே துருவிப் போடுவார்களே, அந்தச் சீஸா? போன தடவை நானே எவ்வளவு போட்டுக்கொண்டேன்! சரி, இப்போதே மகளுக்குப் போன் பண்ணுகிறேன்.